உள்ளதை உள்ளபடி

"எனக்குக் குறட்டை வரும், ஆன்ட்டி."

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதலனை இன்றுதான் முதல்முறையாக வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறாள். அம்மா சம்மதித்தால்தான் கல்யாணம். நல்லதாக நாலு வார்த்தை பேசுவான் என்று பார்த்தால், எடுத்த எடுப்பிலேயே தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறான்.

அம்மா கல்லூரியில் அணியிலக்கணம் நடத்துகிறவள். அதை வகுப்போடு விட்டாளா என்றால், இல்லை. கறை என்ற சொல்லே மறந்துபோகும் என்று சோப்புத் தூள் விற்க வந்த பெண்ணை, "இது உயர்வு நவிற்சி. ஊதிப் பெருக்கினாலே உள்ளே ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்" என்று வாசலோடு அனுப்பியவள். 'ராணி மாதிரி வெச்சுக்குவேன்' என்று அக்காவைக் கேட்டு வந்த இன்ஜினீயருக்குக் காப்பிகூட முழுதாகக் கிடைக்கவில்லை.

"குறட்டைன்னா எவ்வளவு?" என்று கேட்டாள் அம்மா.

"பக்கத்து ரூம் வரைக்கும் கேட்கும்."

"சமையல்?"

"முட்டை வேக வைப்பேன். பாதி நாள் வெடிச்சிடும்."

"என் பொண்ணைப் பத்தி என்ன நினைக்கறே?"

"நல்லவதான். கோபம் வந்தா பக்கத்துல நிக்க முடியாது. நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்னுக்குவேன்."

மகள் அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். அம்மாவின் முகமோ மலர்ந்துகொண்டே போனது.

"பார்த்தியாடி? இதுக்குப் பேர்தான் தன்மை நவிற்சி. உள்ளதை உள்ளபடி சொல்றான். இவன் வாயில பொய் வராது."

"அதுவும் ஒரு அணிதானே?" என்றார், மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா.

"நீங்க சும்மா இருங்க" என்று அவரை அடக்கிவிட்டு, அம்மா அவன் பக்கம் திரும்பினாள். "இவரும் முதமுதல்ல என்னைப் பார்க்க வந்த அன்னைக்குக் குறட்டையைத்தான் சொன்னார். வீட்டுல எல்லாரும் சிரிச்சாங்க. கட்டினா இவரைத்தான்னு நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன். சொன்னது அத்தனையும் நிஜம். இன்னிக்கு வரைக்கும் ஒரு ராத்திரிகூடத் தவறினதில்லை."

அப்பா பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

"எப்போ கல்யாணம் வெச்சுக்கலாம்னு உங்க வீட்டுல கேட்டுச் சொல்லுப்பா."

மகளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இந்த அசடு எப்படித்தான் அம்மாவைக் கவிழ்த்ததோ என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

அவனை வழியனுப்ப அப்பா வாசலுக்குப் போனார். அவன் ஹெல்மெட்டை மறந்துவிட்டிருந்தான். அதை எடுத்துக்கொண்டு ஓடிய மகள், கேட் அருகே பேச்சுக் குரல் கேட்டு நின்றாள்.

"நீங்க சொல்லிக்கொடுத்தபடியே ஒப்பிச்சிட்டேன், அங்கிள். ஆனா எனக்குக் குறட்டையே வராதே. நாளைக்கு மாட்டிக்க மாட்டேனா?"

அப்பா அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"எனக்கு மட்டும் வருதா என்ன? தினம் அவ தூங்கற வரைக்கும் முழிச்சிருந்து விட்டுக்கிட்டிருக்கேன். ஆரம்பத்துல கொஞ்சம் தொண்டை வறளும், அப்புறம் பழகிடும்."