கருகிய தட்டுகள்

வாத்தியாரின் மூக்கருகே மெக்கானிக் ஒரு கருகிய தட்டை நீட்டினார்.

"மோந்து பாருங்க சார். ஆட்டோமேட்டிக் கியர்ல இந்தத் தட்டுங்க ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிச்சாதான் வண்டி நகரும். மேல இருந்த பூச்சு தீஞ்சு, எல்லாம் வழுக்கிடுச்சு. புதுசு போட்டு ஓட்டியும் பாத்துட்டேன்."

"ஏன் தீஞ்சுது?"

"பிரேக்ல ஒரு கால், ஆக்சிலரேட்டர்ல ஒரு கால். ரெண்டையும் சேத்து மிதிச்சா உள்ள சூடு ஏறிடும். வீட்ல அம்மாதானே ஓட்டுறாங்க? சீட்டு ஸ்டீயரிங்கை ஒட்டி இருந்துச்சே!"

"அது அவ வச்சதுதான்."

"இடது காலைக் கட்டிப் போட்டுட்டு ஓட்டச் சொல்லுங்க. இல்லேன்னா அடிக்கடி என் மூஞ்சியைப் பாக்கணும்."

வாத்தியார் சிரிக்கவில்லை. "ஓட்டுறது நான்."

மெக்கானிக் அந்த ஆறடி உடம்பை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த இடுக்குலயா? காலை வைக்க இடமில்லாமதான் பிரேக் மேலயே வச்சிருக்கீங்க. சீட்டைப் பின்னாடி தள்ளினா என்ன?"

"என் சம்சாரம் கடைசியா ஒரு நாள் ஓட்டிட்டு வந்து இறங்கினா. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனவ திரும்பலை. அவ துணிமணி, சாமான் எல்லாத்தையும் பிள்ளைங்க ஒழிச்சுட்டாங்க. சீட்டு ஒண்ணுதான் அவ வச்ச இடத்துலயே இருக்கு."

மெக்கானிக்கின் பார்வை காருக்குப் போனது.

"சார்... ஓட்டிப் பாக்கறப்போ நான் தள்ளிட்டேன். பழையபடி முன்னாடி இழுத்து விட்டுடறேன்."

வாத்தியார் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"வேண்டாம். இனிமே முன்னாடி இழுத்தாலும் அது நீங்க வச்ச இடம்தானே."