மதகு அத்தியாயம்

நான் வாசிக்கத் தொடங்கும் முன்பே பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தூங்குகிறார் என்று நினைத்தால் நாம்தான் ஏமாந்து போவோம். நாட்டை ஆண்ட காலத்தில் கண்ணை மூடியபடியே இரண்டு அமைச்சர்களை வீட்டுக்கு அனுப்பிய மனிதர்.

ஒருவருடைய வாழ்க்கையை எழுதி அவரிடமே வாசித்துக் காட்டும்போது நான் ஒரு வேலை செய்வேன். ஒவ்வொரு அத்தியாயத்திலும் வேண்டுமென்றே ஒரு பிழை வைப்பேன். பிடித்தால் ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிடிக்காவிட்டால் அன்றைக்கு மூட்டை கட்டிவிடலாம்.

இதற்கு முன் எழுதியது ஒரு தொழிலதிபருடைய வாழ்க்கை. அவருக்கு இல்லாத ஒரு தங்கையைப் பிறக்கவைத்து, கல்யாணமும் செய்துவைத்தேன். மனிதர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

பெரியவரிடம் அந்தப் பருப்பெல்லாம் வேகவில்லை. அவர் படித்த காலத்து விடுதி அறையின் ஜன்னலைக் கிழக்கிலிருந்து மேற்குக்கு மாற்றினேன், பிடித்தார். பதவியேற்பு அன்று கட்டியிருந்த கடிகாரத்தை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினேன், பிடித்தார்.

"நான் சின்ன வயசுல சொன்ன பொய்யெல்லாம் இன்னும் வரிசையா ஞாபகம் வச்சிருக்கார், விடுங்க" என்று அவருடைய மகள் ஒருநாள் அலுத்துக்கொண்டார்.

இன்றைக்கு மதகு அத்தியாயம். இதை எழுதத்தான் இந்த வேலையையே ஒத்துக்கொண்டேன்.

அவர் பொறியாளராக இருந்தபோது தானே வரைந்த மதகு அது. எத்தனை வெள்ளம் வந்தாலும் ஒரு பொத்தானைத் தட்டினால் ஏறும், இன்னொன்றைத் தட்டினால் இறங்கும். அப்போது அது பெரிய அதிசயம். அதைக் கட்டிய மனிதர் என்றுதான் ஜனங்கள் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள், ஒத்திகை பார்க்க மதகைத் தூக்கச் சொன்னார். அணைக்கு அடியில், தண்ணீர் வெளியேறும் சுரங்கத்துக்குள், வெல்டிங் ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் அவர்.

விழா மறுநாள் ஜாம்ஜாமென்று நடந்தது.

இதுவரை வந்த புத்தகங்களில் இதற்கு ஒரே ஒரு வரிதான். 'சிறு விபத்து' என்று போட்டு, அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுவார்கள். இந்தப் புத்தகத்தில் இறந்தவர்களின் பெயர்களைப் போடலாம் என்று சொன்னது பெரியவர்தான். மகளுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

"அத்தனை பேரும் எனக்கு மனப்பாடம்ப்பா. தினம் ஒரு தடவை சொல்லிப் பார்த்துட்டுத்தான் படுக்கறேன்" என்றார், ரெக்கார்டருக்கு நன்றாகக் கேட்கும்படி. மகள்கூட அன்றைக்கு அடங்கிப்போனார்.

அத்தியாயத்தை அந்த வாக்கியத்தில் முடித்திருக்கிறேன். வாசிப்பவர்கள் அழுவார்கள். இத்தனை வருஷம் தொழிலில் இருக்கிறேன், அதுகூடத் தெரியாதா?

ஆனால் அது உண்மையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் இந்த முறை பிழையை அந்தப் பெயர்களுக்குள்ளேயே வைத்தேன். ஒரே ஒரு பெயர் தப்பு. அவர் பிடித்துவிட்டால் போதும். வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

வாசித்தேன்.

மதகைத் தூக்குவதற்கு முன் மணி அடித்தது என்ற இடத்தில் கண்ணைத் திறந்தார்.

"மணியா? சைரன்ப்பா. மணியெல்லாம் அப்புறம் வந்தது."

அது நான் வைத்த பிழை இல்லை. நிஜமாகவே எனக்குத் தெரியாமல் விழுந்தது. அடேயப்பா, என்ன காது! திருத்திக்கொண்டேன்.

பிறகு பெயர்கள் வந்தன. அவசரப்படாமல், ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டு வாசித்தேன். குரல் உடையும் என்று பயந்திருந்தேன். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி அது பாட்டுக்கு வந்தது.

முதல் பெயருக்குத் தலையாட்டினார். இரண்டாவதுக்கும்.

தப்பான பெயரை வாசித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். தலையாட்டினார். கொஞ்சம் காத்திருந்தேன். என்ன நிறுத்திவிட்டாய் என்பதுபோல் கையை அசைத்தார்.

மீதிப் பெயர்களையும் வாசித்தேன். கடைசி வாக்கியத்தையும் வாசித்தேன்.

மகள் மூக்கை உறிஞ்சினார். பெரியவர் துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்பச் சரியா இருக்கு. ஒரு எழுத்துகூட மாத்த வேணாம்."

எனக்குக் கோபம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அழுகையாவது வரும் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. மகள் டீ கொண்டுவந்தார். சர்க்கரை போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். குடித்துப் பார்க்காமலேயே சொல்லியிருக்கிறேன்.

தாள்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். வாசற்படியில் செருப்பை மாட்டும்போது பெரியவர் உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இங்கே வந்த முதல் நாளிலிருந்து வாய் நிறைய அப்படித்தான் கூப்பிடுகிறார். ஒருநாள்கூட மறந்ததில்லை.

"அடுத்த அத்தியாயம் எப்பப்பா?"

சற்று முன்னால், சுரங்கத்தில் செத்தவர்களோடு, என் அப்பாவின் பெயர் வர வேண்டிய இடத்தில், என்னுடைய அந்தப் பெயரைத்தான் வாசித்தேன்.

"வியாழக்கிழமை வரேங்கய்யா" என்றேன்.