வெட்டினால் ஒட்டாது

"உள்ள டாக்டர், நான், நீங்க. மூணே பேருதான். வேற யாரும் வர மாட்டாங்க லா, அண்ணே" என்றான் கிளினிக் உதவியாளன் அஃபிக்.

லோகேஸ்வரனுக்கு அந்த மூன்றே அதிகமாகப் பட்டது. இடுப்புக்குக் கீழே ஒரு பச்சைத் துணி மட்டும். அவன் காதலி நூர் ஃபாத்திஹாவின் வீடு செபராங் ஜெயாவில். அந்தப் பக்கமே வேண்டாமென்று கடல் பாலம் தாண்டித் தீவிலிருக்கும் ஜெலுத்தோங்குக்கு வந்திருந்தான். வழக்கமான டாக்டர் லீவாம். இன்று ஒரு நாளைக்கு வேறொருவர்.

நரைத்த தாடியோடு வந்தவர் அவன் நிரப்பித் தந்த படிவத்தைப் படித்தார். பெயர், வேலை, காரணம். காரணத்தில் 'கல்யாணம்' என்று எழுதியிருந்தான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பெயரிலிருந்து மறுபடி படித்தார்.

"நோய் ஒண்ணும் இல்லையே. பின்ன ஏன் தம்பி?"

பெண் வீட்டார் முஸ்லிம் என்றான். சுன்னத் செய்துகொள்ளாமல் போய் நின்றால் அவள் அப்பா வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார் என்றான். அவரை இவன் பார்த்ததில்லை. பொல்லாத கோபக்காரர் என்று கேள்வி.

டாக்டர் கத்தியைத் தொடவில்லை. அது வெறும் தோல் இல்லை, இரண்டு மடிப்பு என்றார். உள்மடிப்பு உதட்டின் உட்புறம் மாதிரி ஈரமானது, நரம்பு நுனிகள் நெருங்கிய இடம், கண்ணுக்கு இமை போல முனையைக் காப்பது என்றார்.

"பொட்டானிக்கல் கார்டன் குரங்குக்கும் இது இருக்கு. மனுசன் மனுசனாகறதுக்குக் கோடி வருசம் முன்னாலயே கூட வந்தது. நீங்க அரை மணி நேரத்துல தூக்கிப் போடச் சொல்றீங்க. வெட்டினா ஒட்டாது தம்பி."

தட்டில் ஊசி மின்னியது. லோகேஸ்வரன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். நாற்காலியில் பேண்ட் கிடந்தது. எட்டினால் கிடைத்துவிடும்.

"கடைசியா கேக்குறேன். அந்தப் பொண்ணு அவ்வளவு முக்கியமா?"

"பயமாத்தான் இருக்கு டாக்டர்" என்றான். "பரவால்ல, வெட்டுங்க."

டாக்டர் பேண்டை எடுத்து அவன் மேல் போட்டார்.

"முதல்ல இதப் போடு. டாக்டர் பேசியாச்சு. இனி ஃபாத்திஹாவோட வாப்பா உன்கிட்டப் பேசணும்" என்றவர், அஃபிக்கை வெளியே அனுப்பி, அவன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.