திரையில் அமர்ந்த அந்துப்பூச்சி

மாலை மங்குகிறது. மொட்டைமாடிக் கொடியில் வெள்ளைத் துணியைக் கட்டி, அதன்பின் பூச்சிகளை ஈர்க்க விளக்கேற்றி, கழுத்தில் அளவுநாடாவும் கையில் பென்சிலுமாக அமர்ந்திருக்கிறார் தையல்காரர். பத்தாண்டுகளாக அவருக்குப் போக்குக் காட்டிவந்த பச்சை அந்துப்பூச்சி இன்று துணியில் வந்து அமர்ந்திருக்கிறது. அதன் ஒரு சிறகை நோட்டில் வரைந்துவிட்டார். மறு சிறகு மீதமிருக்கிறது. அருகில் அவருடைய மைத்துனர் கைப்பேசியை நீட்டுகிறார். “ஒரு போட்டோ எடுத்தா முடிஞ்சுது அத்தான். பேரைக்கூட இதுவே சொல்லிடும்.” “அந்தச் சனியனை என் விரல் தொடாது மாப்ளே. என் பென்சிலுக்குச் சார்ஜ் போட வேண்டாம், தெரியுமா?” அந்தக் கணத்தில் பூச்சி எழும்பிப் பறந்து, ஒளிரும் கைப்பேசித் திரையில் ஒட்டிக்கொள்கிறது. “ஐயோ, எனக்குக் கூசுது!” என்று கைப்பேசியைப் பூச்சியோடு அத்தானின் மடியில் இறக்கிவிட்டு, கதவோரம் ஒதுங்குகிறார் மைத்துனர். “அரை நிமிஷத்துல வெளிச்சம் அணைஞ்சிடும். பூச்சியும் போயிடும். ஓரமா தட்டிக்கிட்டே இருங்க!”

திரை மங்கத் தொடங்குகிறது. பூச்சி சிறகை உதறுகிறது. தையல்காரர் வானத்தைப் பார்க்கிறார், மைத்துனரை முறைக்கிறார், பின்பு கொதிக்கும் உலையைத் தொடுபவர்போல் இடது சுண்டுவிரலால் திரையின் ஓரத்தைத் தட்டுகிறார். வெளிச்சம் மீள்கிறது. இடக்கை தட்டத் தட்ட, வலக்கை மறு சிறகை வரைகிறது. தலை நிமிராமலே அவர் முணுமுணுக்கிறார்: “உங்க அக்காகிட்ட மூச்சு விட்டே, தொலைச்சுடுவேன்.”