எடை சொல்லும் குரல்

கணவன் காட்டில் பதிவு செய்துவரும் கதிர்க்குருவிப் பாட்டுகளை வகைபிரிப்பது பூங்கோதையின் வேலை. நெருங்கிய இனக் குருவிகளில் பெரியது கனத்துப் பாடும், சிறியது கீச்சிடும். கேட்டே உடல் அளவைச் சொல்லிவிடுவாள். பாட்டு முடிந்ததும் அந்தக் குருவியின் எடையை வாயால் சொல்லிப் பதிவது அவர்கள் வழக்கம். எப்போதும் கணவன் சேந்தன்தான் சொல்வான். இம்முறை ஒரு பெண் சொன்னாள்: "எட்டு கிராம்."

"உங்க புது உதவியாளர் குள்ளமோ?"

"சாந்தினியா? நீ பார்த்ததே இல்லையே."

"குரல் கீச்சுன்னு இருக்கே."

"ரொம்பக் குள்ளமில்ல. நெத்தி சரியா என் தோளுக்கு வரும்."

சொன்ன பிறகுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். பூங்கோதை பதிவை மறுபடி ஓடவிட்டாள். எட்டு கிராமுக்குப் பின்னால் ஒரு கனத்த குரல் மெல்லச் சிரித்தது. அந்தச் சிரிப்பை வீட்டில் கேட்டு வருடங்களாகியிருந்தன.