வயலில் இறங்காத படை

"அண்ணே, அது வயல் இல்ல. கால் மிதியடி."

எத்தனை வாட்டிதான் சொல்றது? துரைராசு அண்ணன் நல்லாத் தலையை ஆட்டுவார். அடுத்த ஆட்டத்துலயும் படையை வரப்பு வழியாத்தான் சுத்திக்கிட்டுப் போவார். தோப்பார்.

தஞ்சாவூர்ல எங்க வீட்டு மாடியில ஒரு பெரிய மேசை இருக்கு. அது மேல விரல் உயரத்துக்குப் பொம்மைச் சிப்பாய்ங்க. டேப் வச்சு அளந்து நகர்த்தணும், பகடை போட்டுச் சண்டை போடணும். ஞாயித்துக்கிழமை ஆனா பெரியவங்க பத்துப் பேர் வந்துடுவாங்க. சொல்லிக் கொடுக்கிறது நான், ஜூலியட். பெருமைக்குச் சொல்லல, என்கிட்ட வந்து தேறாமப் போன ஆள் கிடையாது.

இந்த அண்ணனைத் தவிர.

நன்னிலம் பக்கம் சொந்தமா விவசாயம் பண்றார். முன்னாடி சிங்கப்பூர்ல வேலை பார்த்தப்ப பிடிச்ச பைத்தியம் இது. ஆள் சாதாரணம் இல்ல. இவ்வளவு தூரம்னு கண்ணாலயே சொல்லிடுவார். பகடை சரியா விழலைன்னா மத்தவங்க மாதிரி உட்கார்ந்து புலம்ப மாட்டார்.

எல்லாம் இருந்து என்ன? மேசை நடுவுல தேங்காய்நார் மிதியடி ஒண்ணை வயலா விரிச்சு வச்சிருக்கேன். பார்க்க அசல் கதிர் முத்தின வயல்தான். அதைத் தாண்டினா மதகு. மதகைப் பிடிச்சவங்களுக்கு ஜெயம். வயல் வழியா போனா சீக்கிரம் போயிடலாம், விதியில ஒரு தடையும் கிடையாது.

அண்ணன் இறங்க மாட்டார்.

"முத்தி நிக்கிதேம்மா. அதுல போய் எப்படிப் படையை விடுறது?"

"பொம்மைண்ணே. பொம்மைக் கால்."

"தெரியுதும்மா. கை வர மாட்டேங்குது."

இந்த நேரம் பார்த்துச் சென்னையில போட்டி அறிவிச்சாங்க. எங்க குழுவுல ஒரே ஒரு இடம் பாக்கி. அண்ணனும் ராம்கியும் மோதணும், ஜெயிக்கிறவர் ரயில் ஏறலாம்னு சொல்லிட்டேன். ராம்கி பேங்க்ல வேலை பார்க்கிற பையன், கெட்டிக்காரன். அண்ணன் அவன்கிட்ட ஒரு தடவைகூட ஜெயிச்சது இல்ல.

ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் அண்ணன் என்னைத் தேடிக்கிட்டு வந்தார்.

"சிங்கப்பூர்ல நான் ஆள் குறைஞ்சா கூப்பிடுற ஆளும்மா. போட்டின்னு ஒண்ணுல பேர் கொடுத்து நின்னதே இல்ல. இதுல ஒரு தடவை நின்னுடணும்."

"அப்ப வயல்ல இறங்குங்க."

வழக்கம்போலத் தலையை மட்டும் ஆட்டினார். எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துடுச்சு.

"மிதியடிக்கு மனசு இரங்குற ஆளைக் கூட்டிக்கிட்டுப் போயி சென்னையில நான் தலைகுனிய முடியாதுண்ணே. இப்பவே சொல்லிட்டேன்."

முகம் சுண்டிப்போச்சு அவருக்கு. மிதியடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நின்னார். அப்புறம், "மாடிச் சாவியைக் குடும்மா. காலையில வெள்ளனவே வரேன்" என்றார்.

"பழகிப் பார்க்கவா?"

"கொஞ்சம் வேலை இருக்கு."

ஆகா, வழிக்கு வந்துட்டார்னு சாவியைக் கொடுத்துட்டேன்.

மறுநாள் சர்ச்சுல பூசை முடிஞ்சு நான் மாடி ஏறினப்ப ரெண்டு பேரும் மேசைக்கு ரெண்டு பக்கமும் தயாரா நின்னாங்க.

"என்னண்ணே, வழக்கம்போல வரப்புதானே?" ராம்கி சிரிச்சுக்கிட்டே மொத்தப் படையையும் வரப்போரமா நிறுத்தினான். மதகுக்குக் காவல் ஒரே ஒரு சிப்பாய்.

அண்ணன் டேப்பை எடுத்தார். அளந்தார். முதல் சிப்பாயைத் தூக்கினார். நான் மேசையைப் பார்க்கல, அவர் கையைத்தான் பார்த்தேன்.

கை நேரா போயி வயல் நடுவுல சிப்பாயை வச்சுது.

அடுத்து இன்னொண்ணு. அப்புறம் வரிசையா மொத்தப் படையும்.

"அண்ணே, என்ன இது?" ராம்கிக்குக் குரலே மாறிப்போச்சு.

"உன் முறை தம்பி."

ராம்கி அடிச்சுப் பிடிச்சுப் படையைத் திருப்பினான். வரப்புல இருந்து மதகுக்கு வந்து சேரணுமே. அவன் வர்றதுக்குள்ள அண்ணன் மதகு மேல ஏறி நின்னுட்டார்.

ஆட்டம் முடிஞ்சுது. அண்ணன் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டார். கண்ணு கலங்கியிருந்துது, ஆனா வாய் நிறையச் சிரிப்பு. ராம்கியே வந்து கை கொடுத்தான்.

"எப்படிண்ணே? இத்தனை நாள் இல்லாத தைரியம்?"

அவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். "எல்லாம் என் பயிற்சிடா. கடைசியில அது வெறும் மிதியடின்னு மண்டையில ஏத்திட்டேன் பாரு. நான் சொல்லிக் கொடுத்துத் தேறாத ஆள் உண்டா?"

அண்ணன் சட்டைப் பையில இருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து மேசை டிராயர்ல வச்சார். என்னோடதுதான். இவர் எதுக்கு எடுத்தார்னு யோசிச்சுக்கிட்டே சிப்பாய்ங்களைப் பொறுக்க ஆரம்பிச்சேன்.

எப்பவும் அந்த வயல்ல ஒரு சிப்பாயை வச்சா நாருக்குள்ள இடுப்பு வரைக்கும் முங்கிடும். இன்னைக்கு எல்லாச் சிப்பாய்க்கும் பாதம் தெரிஞ்சுது. தடவிப் பார்த்தேன். மிதியடி முழுக்க ஒட்டக் கத்தரிச்சுக் கிடந்துது. மேசை மூலையில, பொம்மை வீட்டு வாசல்ல, நாரைத் தீக்குச்சி அளவுக்குக் கட்டுக் கட்டாக் கட்டி, அழகா அடுக்கி வச்சிருந்துது.

"புது மிதியடிண்ணே. என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"காலையில வந்து அறுப்பை முடிச்சுட்டேம்மா" என்றார் அண்ணன். "கதிரை மிதிக்க எனக்கு இன்னும் கை வரல."