காந்தத் தூண்டில்

"மாட்டிக்கிச்சு! மாட்டிக்கிச்சு!" என்று சின்னவள் கத்தியதும் பூட்டுக்கடைக்காரர் பேப்பரைக் கீழே இறக்கினார். டிரம்முக்குள்ளிருந்து அவள் இழுத்த தூண்டிலில் மீன் இல்லை. அவருடைய பைக் சாவி ஆடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. ஹாலின் நடுவே உயரமான காலித் தண்ணீர் டிரம்; அதற்குள் பழைய காலண்டர் அட்டையில் வெட்டிய மீன்கள், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கிளிப். பிள்ளைகள் கையில் மர ஸ்கேல், அதில் கட்டிய நூல், நூலின் நுனியில் காந்தம்.

"என் சாவி எப்படிடா டிரம்முக்குள்ள போச்சு?"

"மீன் பிடிக்கிறது ஈஸிப்பா. சாவி பிடிக்கிறதுதான் கஷ்டம். அதான் போட்டோம்" என்றான் பெரியவன்.

"காந்தம் ஏது?"

"தையல் அத்தை குடுத்தாங்க."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். கீழ் வீட்டுத் தையல்காரம்மா, தரையில் சிந்திய ஊசிகளைப் பொறுக்க வைத்திருக்கும் காந்தம் அது. போன வாரம்தான் அந்தம்மா மாடிப்படியில் அவரை மறித்து, "ஏங்க, உங்க வீட்டுல ஒரு ரூம் பகலெல்லாம் பூட்டியே கெடக்காமே?" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு எதற்கு அந்த ஆராய்ச்சி?

"சும்மா விளையாடுதுங்க, விடுங்களேன். லீவுல வேற என்னதான் பண்ணும்?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

"உனக்கு உலகம் தெரியாது. பச்சப் பிள்ளைங்கள வெச்சே வீட்டக் காலி பண்ணிருவாங்க!"

தன் நிழலையே நம்பாத மனுஷர் அவர். உள்ளறைப் பூட்டுக்கு இரண்டு சாவிகள். ஒன்று எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். அது தொலைந்தால் என்ன செய்வது என்று இன்னொன்றை, ஹால் மூலையில் நிற்கும் பீங்கான் ஜாடிக்குள் போட்டு வைத்திருந்தார். ஜாடியின் வாய் குறுகல், பெரிய கை நுழையாது. சின்னக் கை நுழைந்தாலும் அடிவரை எட்டாது. அசைத்துக் கவிழ்க்கவோ தடிமாடு மாதிரி ஆள் வேண்டும்.

அவர் ஜாடியைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார். இரண்டும் ஒரே உயரம். சின்னவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடுத்த முறை தூண்டிலை இறக்கிக்கொண்டிருந்தாள்.

அடிப்பாவி! இது விளையாட்டா? ஒத்திகையல்லவா நடக்கிறது!

அந்த அறையில் இருப்பது கைவிட்டுப் போனால், நாலு பேர் முன்னால் அவர் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அந்தப் பயம்தான் அவரைத் தூங்கவிடாமல் அரித்துக்கொண்டிருந்தது. ஆனால் தூண்டிலைப் பிடுங்கினால் கீழ் வீட்டுக்காரி உஷாராகிவிடுவாள். விட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

அன்று மாலையே கடையிலிருந்து ஒரு புதுப் பூட்டு வந்தது. சாவி அசல் பித்தளை. பிள்ளைகள் அசந்த நேரம் பார்த்து அவர்களுடைய காந்தத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தார், ஒட்டவே இல்லை. "இப்ப பிடிங்கடி மீன!" என்று தனக்குள் சிரித்தபடி, கடையில் எல்லாச் சாவிக்கும் போடுகிற வளையத்தைப் பழக்கதோஷத்தில் அதற்கும் மாட்டி, ஜாடிக்குள் போட்டார்.

மறுநாள் காலை, கடைக்குக் கிளம்பும்போது உள்ளறைக்குள் எட்டிப் பார்த்தார். ஃபேன் ஓடுகிறதா என்று ஒருமுறை உறுதிசெய்துகொண்டு, கதவைச் சாத்திப் பூட்டினார். பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"யாரு மணி அடிச்சாலும் திறக்கக் கூடாது. தையல் அத்தையா இருந்தாலும் சரி. புரியுதா?"

பிள்ளைகள் இரண்டும் தூண்டிலைப் பிடித்தபடி நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டின.

கடையில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வந்த வாடிக்கையாளருக்கு மாற்றுச் சாவி வெட்டப் போய் இருந்த சாவியையும் கெடுத்தார். மத்தியானமே ஷட்டரை இறக்கிவிட்டு, கையும் களவுமாகப் பிடிக்கும் ஆசையில் பூனை மாதிரி மாடிப்படி ஏறினார்.

வாசல் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. பிள்ளைகளின் சத்தமே இல்லை. கீழே ஓடியிருக்கும் என்று நினைத்தபடி நேராக உள்ளறைக்குப் பாய்ந்தார். கதவு மல்லாக்கத் திறந்திருந்தது. பூட்டு கொண்டியில் தொங்க, பூட்டில் சாவி தொங்க, சாவி வளையத்தில் காந்தம் ஒட்டிக்கொண்டு நூலோடு ஆடியது.

சாவி பித்தளைதான். வளையம் இரும்பு!

தலையில் மடார் மடாரென்று அடித்துக்கொண்டார். கீழே ஓடிப் பார்த்தால் தையல்காரம்மாவின் வீடும் பூட்டிக் கிடந்தது. நினைத்தேன், நினைத்தேன் என்று புலம்பியபடியே போலீசுக்குப் போன் போட்டார்.

வந்த போலீஸ்காரர் பொறுமைசாலி. உள்ளறையை ஒரு சுற்று சுற்றினார். பீரோவைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"நகை இருக்கு, பணம் இருக்கு. எதுவும் கலைஞ்ச மாதிரியே தெரியலையே?"

"கொள்ள போயிருச்சுன்னு சொல்றேன் சார்! அந்தத் தையல்காரி சின்னப் பிள்ளைங்களுக்குத் தூண்டில் குடுத்து, அதுங்க கையாலேயே என் பூட்டத் திறக்க வெச்சுட்டா. உடனே ஆள அனுப்புங்க. பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் எல்லாத்தையும் மடக்குங்க!"

"மடக்கலாங்க. நகையும் போகல, பணமும் போகல. அப்படி இந்த ரூமுக்குள்ள என்னதான் வெச்சுப் பூட்டியிருந்தீங்க?"

பூட்டுக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"என் பொண்டாட்டிய, சார்!"